கண்டிச்சீமையில் பெயரும் தொழிலும்

கண்டி என்னும் பெயரே இடம்மாறி வந்த பெயர். சிங்கள மக்கள் அந்நகரை மகா நுவர, அதாவது பெருநகர், என்று வழங்குவர். செங்கடகல என்பது அதன் பழம்பெயர். மலைநாடு முழுவதையும் குறித்த 'கந்த உடரட்ட' என்ற தொடரில் முதற்சொல்லை மட்டும் பற்றிக்கொண்ட போர்த்துக்கேயர், மலை என்று பொருள்படும் அச்சொல்லைத் தலைநகருக்குப் பெயராக்கினர். பின்னர்த் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர், நகரின் பெயரை மறுபடியும் மலைநாடு முழுவதற்கும் விரித்துக் கண்டிச்சீமை என்றனர். மலையின் பெயர் நகருக்குச் சென்று, நகரிலிருந்து மலைக்கே திரும்பிற்று. இதனால் எவருக்கும் நட்டமில்லை. பெயர் எவ்வாறு வந்ததாயினும் வழிப்போக்கன் கண்டிக்குத்தான் வந்து சேர்கிறான்.

ஒரு கருவிக்கும் ஓர் உத்தியோகத்துக்கும் இடும் பெயர் அத்தகையதன்று. அப்பெயரை நம்பித்தான் நாம் பணத்தைக் கொடுக்கிறோம், உழைப்பைக் கொடுக்கிறோம், சில வேளைகளில் உடம்பையே ஒப்படைக்கிறோம். எனவே தொழிற்சொல் என்பது ஒருவகை வாக்குறுதி. 'இப்பொருள் இன்னது செய்யும், இம்மனிதர் இன்னது அறிவார்' என்று அது நமக்குச் சொல்கிறது. அவ்வாக்குறுதி பொய்க்குமாயின் அதற்கு விலை கொடுப்பவர் யார்? இக்கேள்விக்குக் கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களின் வரலாறு தெளிவான விடை தருகிறது.

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அடுத்த 10 ஆண்டுகளுக்குள் கம்பளைப் பகுதியிலும், பேராதனைக்கு அருகிலுள்ள கன்னொறுவையிலும் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. அறுவடையான கோப்பிப் பழத்தின் தோலை நீக்கி, கழுவி, உலர்த்தி, கொழும்புக்கு அனுப்பும்வரை சேமித்துவைத்த கட்டடத்தை ஆங்கிலத் துரைமார் 'ஸ்டோர்' என்றனர். களஞ்சியம் என்பது அதன் பொருள். 1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறத் துருநோய் தோன்றிற்று. இரண்டு பத்தாண்டுகளுக்குள் கோப்பித் தொழில் அழிந்தது. அந்நோய் தோன்றுமுன்பே, 1867இல், கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி நின்ற மலைச்சரிவுகளைத் தேயிலை பிடித்துக்கொண்டது. உருட்டும் யந்திரங்களும் உலர்த்தும் யந்திரங்களும் வந்து, களஞ்சியம் இருந்த இடத்தில் ஆலை எழுந்தது. ஆனால் தோட்டத் தமிழர் வாயில் அது இன்றளவும் 'இஸ்டோர்'தான். கோப்பி போயிற்று, அதன் களஞ்சியத்தின் பெயர் தேயிலைக்கு வந்தது. 1925இல் கட்டப்பட்டு, 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக விளங்கும் ஹந்தானை ஆலையைக் காணச் செல்வோர், அங்குள்ள பழைய யந்திரங்களோடு இச்சொல்லையும் ஓர் அரும்பொருளாக எண்ணிக்கொள்ளலாம்.

இத்தகைய பெயர்மாற்றத்தால் தீங்கில்லை. சொல் பழையது, பொருள் புதியது என்பதை அங்கு வாழ்வோர் அனைவரும் அறிவர். சிக்கல் பிறப்பது, சொல்லைக் கேட்டு ஒருவன் பொருளைத் தவறாக விளங்கிக்கொள்ளும்போதுதான்.

ஆலையின் உள்ளே சென்று பார்ப்போம். கொழுந்தை வாட்டி, உருட்டி, பரப்பிவைத்து, சூடான காற்றில் உலர்த்தி, சலித்துத் தரம் பிரிப்பது கறுப்புத் தேயிலை செய்யும் முறை. இதற்குப் பொறுப்பான உத்தியோகத்தர் 'டீமேக்கர்' எனப்பட்டார். பெயரைக் கேட்ட புதியவர் ஒருவர், அவரைத் தேநீர் கலக்குபவர் என்று எண்ணினால் அது அவர் பிழையன்று. உண்மையில், இலையின் நிறத்தையும் மணத்தையும் கண்டு 'இப்போது உலர்த்தலாம்' என்று நேரம் குறிக்கும் அநுபவசாலி அவர். சற்று முந்தினால் தேநீர் பச்சை வாடை வீசும். சற்றுப் பிந்தினால் சாரமற்றுப் போகும்.

அவர் காத்துநிற்கும் அந்தக் கட்டத்துக்குத் தொழிலில் வழங்கும் பெயர் 'பெர்மன்டேசன்'. தமிழில் நொதித்தல் அல்லது புளித்தல். தோசை மாவு புளிப்பதும், கள் நுரைப்பதும் நொதித்தலே. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அவற்றில் வேலை செய்கின்றன. கழுவுமுன் தொட்டியில் கிடக்கும் கோப்பிக் கொட்டையின் வழுவழுப்பு நீங்குவதும் நொதித்தலால்தான். தேயிலையில் நடப்பது வேறு. உருட்டும்போது இலையின் நுண்ணறைகள் உடைகின்றன. இலையிலேயே உள்ள நொதிகள் வெளிப்பட்டு, காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இலைச்சாற்றை மாற்றுகின்றன. பச்சை இலை செப்பு நிறம் பெறுகிறது. இது ஒட்சியேற்றம், நறுக்கிய வாழைக்காய் கறுப்பது போன்றது. நுண்ணுயிர்க்கு இங்கே வேலையில்லை. அது புகுந்தால் தேயிலை கெடும். இவ்வேறுபாடு வெறும் ஏட்டறிவன்று. மாவைப் போல மூடிவைத்தால் ஆகுமென்று கருதுபவன் தேயிலையைக் கெடுப்பான். அதற்குக் காற்றோட்டம் வேண்டும், ஈரக்குளிர்ச்சி வேண்டும், தரையும் தட்டும் தூய்மையாக இருத்தல் வேண்டும் என்பன, நடப்பது இன்னதென்று அறிந்தவனுக்கே விளங்கும். இரசாயன அறிஞர் உண்மையைக் கண்டறிந்து நெடுங்காலமாயிற்று. ஆயினும் பழைய சொல்லை ஆலை விடவில்லை.

பொருந்திய பெயரும் உண்டு. கரிநெருப்பின்மேல் தட்டுவைத்துத் தேயிலையை உலர்த்திய காலத்தில், இந்தியாவின் கச்சார் மாவட்டத்துத் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றியவர் சாமுவேல் டேவிட்சன். அவர் சூடான காற்றைச் செலுத்தி உலர்த்தும் யந்திரத்தை அமைத்து, 1881இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் அதற்கென ஒரு தொழிற்சாலையும் நிறுவினார். யந்திரத்துக்கு அவர் இட்ட பெயர் 'சிரொக்கோ'. அது சகாராப் பாலைவனத்திலிருந்து வடக்கே வீசும் வெப்பக் காற்றின் பெயர். யந்திரம் செய்யும் வேலையும் அதுவே. பெயரைக் கேட்டவன் எதிர்பார்த்ததைக் கருவி தந்தது.

தரப்பெயர்கள் அவ்வளவு நேர்மையானவையல்ல. 'ஒரேஞ்ச் பீக்கோ' என்ற தேயிலையில் தோடம்பழத்தின் தோலுமில்லை, மணமுமில்லை. பீக்கோ என்பது, துளிரின்மேல் படர்ந்திருக்கும் வெண்ணிறப் பூமயிரைக் குறித்த சீனச்சொல்லின் திரிபு. இன்று அது இலையின் அளவையும் அமைப்பையும் குறிக்கும் தரப்பெயர் மாத்திரமே. 'டஸ்ட்' என்றவுடன் சிலர் முகத்தைச் சுளிப்பர். அது கூட்டிவாரிய தூசியன்று. சல்லடையின் மிக நுண்ணிய கண்ணில் இறங்கிய தூள். விரைவாகவும் கடுப்பாகவும் சாயம் இறங்குவது. குடிக்கத்தகாத கழிவுத் தேயிலை என்பது வேறு. அதனைச் சட்டம் தனியே கட்டுப்படுத்துகிறது. அழகிய பெயருக்கு அதிக விலையும், அழகற்ற பெயருக்கு இகழ்ச்சியும் கிடைப்பது சந்தையின் இயல்பு. இங்கே ஏமாற்றத்தின் அளவு சில ரூபாய்களோடு முடிந்துவிடும்.

இனி யந்திரங்களை விட்டு மனிதரிடம் வருவோம். தோட்டத்தின் வயல்வேலையை மேற்பார்த்தவர் 'கண்டக்டர்'. மக்கள் அவரைக் கண்டக்கையா என்றனர். அதே சொல், பேருந்தில் சீட்டுக் கொடுப்பவரையும், மின்சாரத்தைக் கடத்தும் செப்புக் கம்பியையும் குறித்தது. 'கணக்கப்பிள்ளை' என்ற பெயரோ கணக்கெழுதும் தொழிலிலிருந்து வந்தது. ஆனால் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை மலையில் நின்று வேலைவாங்கினார். பேரேட்டுக் கணக்கை எழுதியவர் கிளாக்கர். உத்தியோகத்தின் பெயர் ஒருபுறமும் வேலை மறுபுறமுமாக இருந்தபோதிலும், ஒவ்வொருவரையும் ஊர் அறிந்திருந்தபடியால் குழப்பம் நேரவில்லை.

மருந்துச்சாலையின் நிலை வேறு. தோட்ட மருந்துச்சாலையில் இருந்தவருக்கு ஆங்கிலத்தில் 'டிஸ்பென்சர்' என்று பெயர். வைத்தியர் எழுதித் தந்தபடி மருந்தைக் கலந்து கொடுப்பவர் என்பது அதன் பொருள். ஆனால் எழுதித் தரும் வைத்தியர் பல மைல்களுக்கப்பால் இருந்தார். ஆகவே நோயைப் பார்த்தவரும், மருந்தைத் தீர்மானித்தவரும், பிரசவ ஆபத்தில் ஓடிவந்தவரும் அந்த டிஸ்பென்சரே. மக்கள் அவரை 'டாக்டர் ஐயா' என்று அழைத்தனர். நன்றியுணர்ச்சியால் எழுந்த அழைப்பு அது. அவருட் பலர் அந்நன்றிக்கு உரியவருமாவர். எனினும் இதன் மறுபக்கத்தை நோக்குங்கள். மக்கள் 'டாக்டர்' என்று அழைத்துக்கொண்டிருந்தபடியால், அங்கே டாக்டர் இல்லை என்ற குறை வெளியில் தெரியவில்லை. சம்பளப் பட்டியலில் அவர் மருந்து கலப்பவர். நோயாளியின் பாயருகே அவர் வைத்தியர். குறைந்த பெயருக்குரிய செலவை ஒருவர் செய்ய, பெரிய பெயருக்குரிய சுமையை மற்றொருவர் தாங்க, இரண்டுக்கும் இடையிலிருந்த ஆபத்தை நோயாளி ஏற்றுக்கொண்டான். இலங்கையில் 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் வைத்தியருக்கு ஒரு பதிவேட்டையும், மருந்தாளர், மருத்துவமாதர் முதலியோருக்கு வேறு பதிவேடுகளையும் வகுத்தது. அப்பிரிவினை எவரையும் தாழ்த்துவதற்காக அன்று. தன் முன் நிற்பவர் எதனைக் கற்றவர் என்பதை நோயாளி அறிதல் வேண்டும் என்பதற்காகவே.

இவ்வெல்லாவற்றிலும் ஆழமாகச் சென்ற சொல் 'கங்காணி'. கண்காணி என்பது தூய தமிழ்ச்சொல். கண்ணால் காணும் பொறுப்புடையவன். சோழர் கல்வெட்டுகளில், கோயிற் காரியங்களை மேற்பார்த்தவர் கண்காணி செய்வார் எனப்பட்டனர். அத்தகைய மதிப்புள்ள சொல் கண்டிச்சீமைக்கு வந்து, தொழிலாளர் கூட்டத்தின் தலைவனுக்குப் பெயராயிற்று. ஆனால் பெரிய கங்காணி செய்த வேலை மேற்பார்வையோடு நின்றதோ? ஊரிலே ஆள் சேர்த்தவர் அவர். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவர் அவர். அம்முன்பணத்தைக் கடனாக எழுதிவைத்தவரும் அவரே. தம் கூட்டத்தில் வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் தோட்டத்திலிருந்து அவருக்குத் தனிக்காசு கிடைத்தது. ஆள்சேர்ப்பவர், கடன்கொடுப்பவர், சம்பளத்துக்கு இடையில் நிற்பவர் என்ற மூவரையும் மேற்பார்வையாளர் என்ற ஒரு சொல் மறைத்து நின்றது.

அவரைச் சுற்றி வேறு சொற்களும் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கைக்கு வரும் தொழிலாளிக்கு ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் பெயர் 'தகர டிக்கெட்'. நாம் அறிந்த டிக்கெட்டுக்குப் பணம் முன்பே கொடுக்கப்படுகிறது. பயணம் முடிந்ததும் அதன் கதையும் முடிகிறது. இந்த டிக்கெட்டுக்குப் பயணம் முடிந்த பின்னரே கணக்குத் தொடங்கிற்று; வழிச்செலவு தோட்டத்தின்மேல் எழுதப்பட்டு, அங்கிருந்து தொழிலாளியின் கடனாக இறங்கிற்று. 'துண்டு' என்ற மற்றொரு சொல்லும் உண்டு. துண்டு என்றால் சிறு காகிதம். ஆனால் அக்காகிதத்தில், 'இன்ன கடனைத் தீர்ப்பவர் இந்த ஆட்களை அழைத்துச் செல்லலாம்' என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பார். மற்றொரு தோட்டம் அத்தொகையைக் கொடுத்து ஆட்களைப் பெறும். கடனும் ஆட்களோடு சேர்ந்து செல்லும். குடும்பத்தோடு மனிதரைக் கைமாற்றிய ஒரு பத்திரம், துண்டு என்ற இலேசான பெயரோடு நடமாடிற்று. 1921இல் சட்டம் அதனை ஒழித்தது.

இவ்வரிசையில் இறுதியாக நிற்கும் இரண்டு சொற்களை ஒருங்கே வைத்துப் பார்த்தல் வேண்டும். ஒன்று 'கூலி'. ஆங்கில அறிக்கைகள் தொழிலாளியைக் 'கூலி' என்றே எழுதின. அச்சொல்லின் பிறப்பைப் பற்றிச் சொல்லாராய்ச்சியாளர் பலவாறு கூறுவர். கோலி என்ற குசராத்தி இனப்பெயரிலிருந்து வந்ததென்பாரும் உளர். எவ்வாறாயினும், தமிழன் காதில் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். மற்றொன்று 'பேர்'. தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலை பதிவுசெய்யப்படுவது 'பேர் போடுதல்'. குறித்த அளவு கொழுந்து எடுத்தவளுக்கு முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். ஊதியத்தின் பெயர் மனிதனைக் குறித்தது. மனிதனின் பெயர் ஊதியத்தின் அளவாயிற்று. காலையிலிருந்து மழையில் நனைந்து மலையேறிய ஒரு தாய், மாலையில் 'எனக்கு அரைப் பேர்தான்' என்று சொல்லும்போது, அவள் சம்பளக் கணக்கையே சொல்கிறாள். ஆயினும் அச்சொற்களுக்குள் ஒரு நூற்றாண்டின் துயரம் அடங்கியிருக்கிறது.

இச்சொற்கள் தாமாக மறையவில்லை. 1927இல் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. தொழிற்சங்கங்கள் தோன்றின. கூலி என்ற சொல்லை மறுத்துத் தொழிலாளி என்ற சொல்லை மக்கள் நிலைநாட்டினர். அது வெறும் மரியாதைக்கான மாற்றமன்று. தொழிலாளி என்றால் அவனுக்கு எதிரில் முதலாளி ஒருவன் உண்டு. இருவருக்குமிடையே உரிமையும் கடமையும் உண்டு. 1958இல் ஊழியர் சேமலாப நிதி அமைக்கப்பட்டபோது, 'ஊழியர்' என்ற சொல்லே அந்நிதிக்குள் நுழையும் வாயிலாயிற்று.

இன்று பெயர்கள் மறுபடியும் மாறுகின்றன. கண்டக்டர் கள உத்தியோகத்தர் ஆனார். டீமேக்கர் தொழிற்சாலை உத்தியோகத்தர் ஆனார். இவை பொருந்திய மாற்றங்களே. ஆனால் அண்மைக் காலத்தில் வேறொரு பேச்சும் எழுந்துள்ளது. தேயிலைச் செடிகளில் ஒரு பகுதியைத் தொழிலாளிக்குப் பிரித்துக் கொடுத்து, அவர் தரும் கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் பணம் கொடுக்கலாம். அவரைத் தொழில்முனைவோர் என்று அழைக்கலாம் என்பது அப்பேச்சு. அம்முறையால் வருமானம் கூடலாம். அதனை ஆராய்ந்து முடிவு செய்தல் தக்கதே. ஆனால் பெயர் மாறும்போது சில கேள்விகளைக் கேட்காதிருத்தல் கூடாது. தொழில்முனைவோருக்கு நிலம் சொந்தமா? கொழுந்தின் விலையைத் தீர்மானிப்பவர் யார்? மழை பொய்த்தால் நட்டம் யாருக்கு? ஊழியர் சேமலாப நிதி தொடருமா? இவற்றுக்கு நேரான விடை கிடைத்தால் பெயர் பொருந்தும். கிடைக்காவிட்டால், கண்காணி என்ற சொல்லுக்கு முன்பு நேர்ந்ததே இச்சொல்லுக்கும் நேரும்.

கருவிகளின் பெயரையும் இவ்வாறே சோதித்தல் வேண்டும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பழைய தொங்குதராசுக்குப் பதிலாக 'டிஜிட்டல்' தராசு வைக்கப்படுகிறது. டிஜிட்டல் என்பது, அளவை முள்ளால் காட்டாமல் இலக்கங்களாகத் தருவது என்ற அளவிலேயே பொருள்படும். நிறை சரியா என்பது, உள்ளே பாரத்தை உணரும் பகுதி முறையாகச் சோதிக்கப்பட்டதா, கூடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பவற்றைப் பொறுத்தது. பிழையான தராசு பிழையையே ஒளிரும் எழுத்தில் காட்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் வியாபாரத் தராசுகளைச் சோதித்து முத்திரையிட வழிசெய்துள்ளது. நாம் நம்பவேண்டியது அந்த முத்திரையை.

கண்டி நகரின் கடைத்தெருவில் நடந்தால் இத்தகைய சொற்கள் எத்தனையோ. விசிறியின்மேல் 'டர்போ' என்று எழுதியிருக்கும். சுழலி கொண்டு காற்றை அழுத்தும் பொறிக்குரிய சொல் அது. விசிறியில் அதற்குப் பொருள், சற்று வேகமாகச் சுழலும் என்பது மட்டுமே. துவைக்கும் யந்திரத்துக்குச் 'செயற்கை நுண்ணறிவு' உண்டென்பர். விசாரித்தால், துணியின் பாரத்தைப் பார்த்து நீரின் அளவை மாற்றும் சிறு அமைப்பாகவும் அது இருக்கலாம். பொருள் நல்ல பொருளாகவே இருக்கக்கூடும். சொல்லுக்குத் தனியாக விலை கொடுக்க வேண்டாம் என்பதே சொல்லத்தக்கது.

உத்தியோகப் பெயர்களில் 'எஞ்சினியர்' என்பது இன்று மிக மலிந்த சொல். பொருளை விற்பவரும் எஞ்சினியர், பழுது பார்ப்பவரும் எஞ்சினியர். இலங்கையில் பொறியியற் பீடம் 1950இல் கொழும்பில் தொடங்கி, 1964இல் கண்டியை அடுத்த பேராதனைக்கு வந்தது. அங்கே ஆண்டுக்கணக்காகக் கணிதமும் பொருள்களின் வலிமையும் கற்றுத் தேர்ந்தவர் ஒரு பாலத்தின் வரைபடத்தில் கையொப்பமிடும்போது, பாலம் இடிந்தால் பதில் சொல்லும் பொறுப்பையும் ஏற்கிறார். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொறியியற் பேரவைச் சட்டம், பொறியியலாளர், தொழினுட்பவியலாளர் முதலியோரைத் தனித்தனியே பதிவுசெய்ய வகைசெய்தது. திறமையான கம்மியருக்கு இதனால் இழுக்கில்லை. கைத்திறனால் யந்திரத்தை உயிர்ப்பிப்பவருக்குக் கம்மியர் என்ற பெயரே பெருமை. அவருக்கு இரவற் பட்டம் எதற்கு? நாம் அவருடைய தொழிலை அதன் சொந்தப் பெயரால் மதிக்கத் தவறியதாலன்றோ, அவர் பிறிதொரு பெயரைத் தேடிப்போகிறார்?

நேயர்களே, சொல் மாறுவது இயற்கை. அதனைத் தடுக்க எவராலும் இயலாது. களஞ்சியம் ஆலையானதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு புதிய பெயரைக் கேட்கும்போது இரண்டு கேள்விகளை நாம் பழகிக்கொள்வது நன்று. இப்பெயருக்குரிய வேலை உண்மையில் நடக்கிறதா? பிழை நேர்ந்தால் இப்பெயரைத் தாங்கியவர் பொறுப்பேற்பாரா? தகர டிக்கெட்டைக் கையில் வாங்கிய அந்த மனிதனுக்கு இக்கேள்விகளைக் கேட்க வாய்ப்பிருக்கவில்லை. அவனுக்குப் பின்வந்த நமக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. கேட்கும் உரிமையும் இருக்கிறது.